ஏத்தினவன்தான் இறக்கணும்

18 ஜனவரி 1998, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து வந்ததும் வழக்கம்போல பெர்னார்ட் பின்கட்டுக்குப் போய்விட்டார். பட்டர் ஃப்ரூட் மரத்தின் தடித்த கிளையில் பெல்ட் ஹாய்ஸ்டை மாட்டி, கீழ்க் கொக்கியில் பழைய ஆட்டுக்கல்லைக் கட்டினார். இனி கைப்பிடியை ஆட்டி ஆட்டிக் கல்லை ஏற்றுவார். பிறகு இறக்குவார். கிரைண்டர் வாங்கியதிலிருந்து அந்தக் கல்லுக்கு இதுதான் வேலை. "அங்கிள் சண்டே டிரில் ஆரம்பிச்சுட்டாரு" என்று பக்கத்து வீட்டு ஷோபா மதில் மேலிருந்து சிரித்தாள்.

கம்பத்தின் மேலே போய் மின்கம்பியை இழுத்துப் பிடிக்க லைன் ஆட்கள் வைத்திருக்கும் சாமான் அது. சங்கிலிக்குப் பதில் நைலான் பட்டை, ஒரு பல்சக்கரம், முழ நீளத்துக்குக் கைப்பிடி. ஒவ்வொரு இழுப்புக்கும் டக்கென்று ஒரு பல் ஏறும், பட்டை சுருளும். ஐந்தாறு பேர் சேர்ந்தாலும் அசையாத கம்பி ஒரே ஆளின் கைக்குக் கிட்டே வந்து நிற்கும். கான்ட்ராக்டருடைய பொருள்தான். ஆனால் ஒரு தடவை வேறொரு கேங் இரவல் வாங்கிப் போய், கைப்பிடியில் இரும்புப் பைப்பைச் சொருகி இழுத்து, வளைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றிலிருந்து சனிக்கிழமையானால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறார். பட்டையை வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போட்டு, எங்காவது நூல் பிரிந்திருக்கிறதா என்று முழு நீளத்தையும் விரலிடுக்கில் ஓடவிட்டுப் பார்ப்பார். எங்கள் மகள் கேரல் சின்னவளாக இருந்தபோது நான் அவளுக்குப் பேன் பார்ப்பேனே, அந்த மாதிரி.

இன்றைக்கு இறக்கும்போது கல் கடைசியில் தொப்பென்று விழுந்தது. கைப்பிடி விர்ரென்று சுற்றி நின்றது. சமையலறை ஜன்னலில் இருந்து எட்டிப் பார்த்தேன்.

"கை வழுக்கிடுச்சு," என்றார்.

கையில் ஈரம் இல்லை. வேர்வைகூட இல்லை. வலது கையை, அது வேறு யாருடையதோ போல, பார்த்துக்கொண்டு நின்றார்.

23 ஜனவரி

அவருடைய காபி டம்ளரில் முக்கால்தான் ஊற்றுகிறேன். எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியவில்லை. ஏன் குறைகிறது என்று அவரும் கேட்கவில்லை.

8 பிப்ரவரி, ஞாயிறு

கேரல் நர்ஸிங் ஹாஸ்டலில் இருந்து வந்திருந்தாள். சாப்பிட்டுவிட்டு இவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மடியில் பேப்பர். அதன் ஓரம் சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. ஃபேன் போடவில்லை.

கேரல் என்னைப் பார்த்தாள். நான் பாத்திரத்தைப் பார்த்தேன்.

"மம்மி, ஏதாவது பிடிச்சிருக்கும்போது ஆடல. சும்மா வெச்சிருக்கும்போதுதான் ஆடுது. கவனிச்சியா?"

"குளிரா இருக்கும்."

"பெங்களூர்ல பிப்ரவரில மத்தியானம் ரெண்டு மணிக்கா?"

இவர் கண்ணைத் திறக்காமலே, "டாக்டரம்மா, மொதல்ல ஃபைனல் இயர் பாஸ் பண்ணுங்க, அப்புறம் பேஷன்ட் தேடலாம்," என்றார். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பிறகு வலது கையைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார். பேப்பர் சத்தம் நின்றது.

11 பிப்ரவரி

காலேஜ் நூலகத்தில் மாணவிகள் இல்லாத நேரமாகப் பார்த்து மருத்துவக் களஞ்சியத்தை எடுத்துப் படித்தேன். ஓய்வில் இருக்கும் கை நடுங்கும். கட்டைவிரல் சொன்ன பேச்சுக் கேட்காது. நடக்கும்போது ஒரு கை வீசாது. எழுத்து சிறுத்துக்கொண்டே போகும். வாசனை தெரியாமல் போகலாம்.

போன வாரம் பால் அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியது. நான் ஓடி வந்து அணைத்தேன். இவர் அடுப்புக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை அதன் இடத்தில் வைக்காமல் சட்டப் புத்தகங்களுக்கு நடுவே செருகிவிட்டு வந்தேன். நூலகத்தில் வேலை செய்கிறவள் செய்யக்கூடாத காரியம். யார் எடுத்துப் படித்துவிடுவார்கள் என்று பயந்தேன்? அவரா?

1 மார்ச், ஞாயிறு

இன்று நானே பின்கட்டுக்குப் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் அந்தச் சாமானைத் தொட்டதில்லை.

"என்ன, வேடிக்கையா?"

"எனக்கும் காட்டுங்க."

சிரித்தார். ஆனால் சந்தோஷப்பட்டார், தெரிந்தது. ஏற்றுவது ஒன்றுமில்லை, கிணற்றில் நீர் இறைப்பதைவிட லேசு. டக், டக், கல் எழும்பியது. இறக்கத்தான் பயமாக இருந்தது. கைப்பிடியை நேரே கீழே விட்டேன். அசையவே இல்லை.

"முதல்ல இன்னும் கொஞ்சம் ஏத்தணும், நோரா. மொத்த பாரத்தையும் உன் கைக்கு வாங்கிக்கணும். அப்பத்தான் பல் லூஸாகும். அந்த நேரத்துல கட்டைவிரலால, பல்லைப் பிடிச்சிருக்கற இந்த நாக்கை ஒதுக்கி, ஒரே ஒரு பல் இறக்கி, டக்னு விரலை எடுத்துடு. விரலை எடுக்க லேட்டானா கைப்பிடி உன்னைக் கேக்காது. சுத்திட்டு வந்து மூஞ்சியில அடிக்கும்."

இறக்கினேன். பல் பல்லாக. உள்ளங்கை வேர்த்துவிட்டது. நடுவில் பயந்து, "நீங்க பிடிங்க" என்றேன்.

பின்னால் நகர்ந்துகொண்டார். "ம்ஹூம். ஏத்தினவன்தான் இறக்கணும். எங்க கேங்குல அதான் சட்டம். எவ்வளவு பாரம் இருக்குன்னு ஏத்தின கைக்குத்தான் தெரியும். பாரத்தோட கை மாத்தினா, நடுவுல ஒரு நிமிஷம் அது யார் கையிலயும் இருக்காது."

"யார் போட்ட சட்டம்?"

"நான்தான்."

என் கட்டைவிரல் நான் சொன்னபடி கேட்டது. எழுத, பட்டன் போட, புத்தகத்தில் சீட்டு ஒட்ட மட்டுமே பழகிய விரல். அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அல்ல, விரலை.

19 மார்ச்

மளிகைச் சீட்டு எழுதி வைத்திருந்தார். கண்ணாடி போட்டும் எனக்குப் படிக்க முடியவில்லை. எறும்பு போல எழுத்து.

12 ஏப்ரல், ஈஸ்டர்

நல்ல நாளும் அதுவுமாகச் சண்டை. கேரல் தன் ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தாள். இவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துகொண்டார். கேரல் அழுதுகொண்டே ஹாஸ்டலுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. நீங்க மேல ஏறக்கூடாதுன்னு சொன்னேன். கத்தினேன்தான்.

"ஏறாம? கீழ நின்னு கயிறு பிடிக்கவா? அண்ணாந்து பாத்துக்கிட்டு, மேல இருக்கறவன் சொல்றதுக்கெல்லாம் 'ஆங், ஆங்'னு சொல்லவா?"

"சொன்னா என்ன?"

"உனக்குப் புரியாது."

எனக்கா புரியாது? கம்பி அறுந்த இடத்துக்கு ஜீப் வந்து நின்றதும், "பெர்னார்ட் வந்துட்டாருப்பா" என்று தெருவே சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன். கல்யாணமான புதிதில் அதைக் கேட்கவே ஒரு தடவை பின்னாலேயே போய் நின்றேன். அந்த மனுஷனிடம்தான் சொல்கிறேன், இறங்கு என்று. வேற எப்படிச் சொல்றது? எந்த வார்த்தையில சொன்னா வலிக்காது? இருந்தா யாராவது சொல்லுங்களேன்.

28 ஏப்ரல்

நேற்று காற்றும் ஆலங்கட்டி மழையும். ஊர் முழுக்க மரம் விழுந்து லைன் அறுந்து கிடக்கிறது. விடியுமுன் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நூலகத்து ஃபோனை எடுத்து அவருடைய கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் பாதி நம்பர் சுற்றினேன். வைத்துவிட்டேன். என்ன சொல்வது? என் புருஷனுக்கு வேலை கொடுக்காதீர்கள் என்றா?

10 மே, ஞாயிறு

இவரிடம் ஷாப்பிங் என்று சொல்லிவிட்டு ஈஜிபுராவுக்குப் போனேன். கோவிந்தப்பா வீடு. கம்பத்தில் இவருக்கு எதிர்ப்பக்கம் ஏறுகிறவர் அவர்தான், ரொம்ப வருஷமாக. எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பார். என்னை வாசலில் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை.

"வாங்க அண்ணி. கை விஷயமா?"

நான் உட்காரக்கூட இல்லை.

"தீபாவளியிலிருந்தே தெரியும் அண்ணி. ஏத்தறது அண்ணன்தான், அதுல ஒரு குறையும் இல்ல. இறக்கும்போது 'கோவிந்தா'ன்னு ஒரு குரல் குடுப்பாரு. நான் இந்தப் பக்கத்துலேர்ந்து கை நீட்டி வாங்கிக்குவேன். கீழ இருக்கறவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்னமோ ரெண்டு பேரும் பீடி மாத்திக்கறோம்னு நினைச்சுக்குவானுங்க."

"பாரத்தோடயா? கை மாத்தக் கூடாதுன்னு அவர்தானே..."

"ஆமா, அவரு போட்ட சட்டம்தான். அவரே மீறலாம் இல்ல?" என்று சிரிக்கப் பார்த்தார். "அண்ணன் இறங்கிட்டா என்னை யாரு கூட ஏத்துவாங்க? நேத்து வந்தவன் கூடயா? அதுக்கு இது தேவல. எனக்கு மூளை கம்மி, அவருக்கு இப்ப கை கம்மி. ரெண்டும் சேந்தா ஒரு முழு ஆளு."

அவர் மனைவி பாஞ்சாலி அதுவரை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அக்கா, நீ படிச்சவ. நேராவே பேசறேன், தப்பா எடுத்துக்காத. உன் வூட்டுக்காரருக்குக் கை ஆடுதுன்னா என் வூட்டுக்காரன் ஏன் மூஞ்சியை நீட்டணும்?"

"ஏய், பேஜாரு பண்ணாத, சும்னிரு," என்றார் கோவிந்தப்பா.

"நான் சும்னிருக்கேன். நாளைக்கு என்னை வந்து கூப்பிடுவானுங்க இல்ல, ஆஸ்பத்திரிக்கு வாம்மான்னு? அப்பவும் சும்னிருக்கேன்." என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுக்கா. மேல, ஆபீசுல சொல்லு. உன்னாலதான் முடியும். இவன் சொல்லமாட்டான், அவருன்னா இவனுக்குச் சாமி," என்றாள்.

கோவிந்தப்பா பஸ் ஸ்டாப் வரை வந்தார். "அண்ணனே சொல்லட்டும் அண்ணி. நாம சொன்னா அந்த மனுஷன் தாங்கமாட்டாரு," என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் கவனித்தேன், பாஞ்சாலி காபி கொடுத்தாள், நான் குடிக்கவில்லை. வாயே வைக்கவில்லை. அவள் என்ன நினைத்திருப்பாள்?

11 மே

சொல்லிவிட்டேன். கோவிந்தப்பா இறக்குவது தெரியும் என்று.

கையிலிருந்த பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, "அவன் வீட்டுக்குப் போனியா?" என்றார்.

"போனேன்."

"என்னைக் கேக்காம."

"கேட்டா விடுவீங்களா? நீங்களா இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க. இல்லாட்டி நான் சொல்வேன்."

"சொல்லு," என்றார். கோபம்கூட இல்லை. அந்த ஒரு வார்த்தைதான். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பட்டன் மேலும் கீழும் மாறிப் போட்டிருந்தது. கூப்பிட்டுச் சரி செய்ய எனக்குத் தைரியம் வரவில்லை.

17 மே, ஞாயிறு

இந்த வாரம் ஹாய்ஸ்டை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை.

7 ஜூன், ஞாயிறு

இன்றும் இல்லை. கிளையில் கொக்கி தேய்ந்த தழும்பு மட்டும். ஆட்டுக்கல்லைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. "அங்கிளுக்கு உடம்பு சரியில்லையா ஆன்ட்டி?" என்று ஷோபா கேட்டாள். வேலை ஜாஸ்தி என்றேன்.

வீட்டில் பேச்சு இருக்கிறது. உப்பு போதுமா, கேஸ் சொல்லியாச்சா, கேரல் ஃபோன் பண்ணாளா. எல்லாம் இருக்கிறது.

3 ஜூலை

சொல்லிவிட்டேன்.

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு கான்ட்ராக்டர் ஆபீசுக்குப் போனேன். சைட் இன்ஜினியர் சீனிவாசராகவன். இவரை விடச் சின்னவர், மரியாதையான மனிதர். எழுந்து நின்று உட்காரச் சொன்னார். காபி வரவழைத்தார். போகும் வழியெல்லாம் என்ன சொல்வது என்று பாடம் பண்ணிக்கொண்டு போனதை அப்படியே ஒப்பித்தேன். கை நடுக்கம். கட்டைவிரல். இறக்க முடிவதில்லை. கோவிந்தப்பா கை மாற்றி வாங்குவதை மட்டும் சொல்லவில்லை, அவர் வேலை போய்விடும். என் புருஷனின் மானத்தைக் கொண்டுபோய் ஒரு மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"மேடம், நான் ஓப்பனா பேசறேன். பெர்னார்டை எறக்கிட்டா அந்த கேங்ல டென்ஷன் பாத்து இழுக்கறதுக்கு ஆள் யாரு? எனக்கு நவம்பர்ல லைன் ஹேண்ட் ஓவர். டாக்டர் பேப்பர் ஏதாவது இருக்கா?"

"இல்ல. டாக்டர்கிட்டயே வரமாட்டேங்கறார்."

"நல்லதாப் போச்சு." அப்படியேதான் சொன்னார். "பேப்பர் வந்துட்டா நான் அவரை ஏத்த முடியாது. இல்லாத வரைக்கும்... நீங்க என்கிட்ட சொல்லலைன்னு வெச்சுக்கலாம். நானும் கேக்கலை. ரெயின்ஸ் முடியட்டும், அவருக்கு ஸ்டோர்ஸ்ல ஏதாவது பாக்கறேன். அதுவரைக்கும் கூட ஒரு ஆளைக் கீழ நிறுத்தறேன். சரியா? காபி ஆறிடறது, சாப்பிடுங்கோ."

குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் முழுசாகக் குடித்தேன்.

வெளியே வந்து வெயிலில் நின்றபோதுதான் புரிந்தது. இவ்வளவு மாதமாக, நான் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தூக்கமில்லாமல் புரண்டேன். சொன்னால் ஒன்றுமே ஆகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவரைக் காட்டிக்கொடுத்தேன், அது ஒரு உயிரைக்கூடக் காப்பாற்றவில்லை. யார்கிட்ட போவேன் இனிமே? எந்த ஆபீசுக்கு?

9 ஜூலை

இவரிடம் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் யாரும் எதுவும் சொன்ன மாதிரி தெரியவில்லை. ரெண்டு பேரும் ரிச்சர்ட்ஸ் டவுன் பார்க்கைச் சுற்றி நடந்துவிட்டு வந்தோம். அவருடைய இடது கை வீசுகிறது. வலது கை பேன்ட் பாக்கெட்டில்.

19 ஆகஸ்ட்

தொம்மலூர். கோவிந்தப்பா. ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிர் இருக்கிறது. மாதாவே.

20 ஆகஸ்ட்

நேற்று மத்தியானம். தொம்மலூரில் பழைய கம்பியை மாற்றிக்கொண்டிருந்தார்கள். புதுக் கம்பியை இவர்தான் ஹாய்ஸ்டில் இழுத்துக் கொண்டுவந்தார். கம்பியை அதன் இடத்தில் மாட்டியாயிற்று, இனி ஹாய்ஸ்டைத் தளர்த்த வேண்டும். "கோவிந்தா" என்றிருக்கிறார். கோவிந்தப்பா எட்டிக் கை நீட்டியிருக்கிறார். அவர் கைப்பிடியைச் சரியாகப் பிடிப்பதற்குள் இவருடைய கட்டைவிரல் நாக்கை ஒதுக்கிவிட்டது. தானாக. கைப்பிடி சுழன்று வந்து கோவிந்தப்பா முகத்தில் அடித்தது. சேஃப்டி பெல்ட்டில் தலை தொங்கிக் கிடந்திருக்கிறார்.

அவரை இறக்கக் கயிறு கட்ட வேண்டும். இவரால் முடிச்சுப் போட முடியவில்லை. கீழிருந்து ஒருத்தன் ஏறி வந்து போட்டான்.

இதெல்லாம் இவர் சொன்னதுதான். சட்டையெல்லாம் ரத்தத்தோடு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கையை மறைக்கக்கூட இல்லை. முழங்கால் மேல் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. நான் அதன் மேல் என் கையை வைத்தேன். என் கையும் சேர்ந்து ஆடியது.

23 ஆகஸ்ட், ஞாயிறு

கன்னத்து எலும்பும் தாடையும் உடைந்திருக்கிறது. இடது கண்ணை எடுக்க வேண்டியதில்லை என்றார்கள், ஆனால் பார்வை முன்போல் வராதாம். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறது, பேச முடியாது. பேசாத கோவிந்தப்பாவைப் பார்க்க முடியவில்லை.

பாஞ்சாலி வராண்டா பெஞ்சில் இருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகவில்லை. கத்தியிருந்தால் தேவலை. என்னைப் பார்க்காமல் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சொன்னியா?"

"சொன்னேன் பாஞ்சாலி. போய்ச் சொன்னேன்."

"அப்புறம்?"



29 ஆகஸ்ட்

சிவாஜிநகர் மாதா கோவிலில் இன்று கொடியேற்றம். போகவில்லை.

சீனிவாசராகவன் வீட்டுக்கே வந்தார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. ஹாய்ஸ்டில் ஸ்பிரிங் தேய்ந்து போயிருந்தது, அதனால்தான் நடந்தது என்று எழுதி மேலே அனுப்பிவிட்டார்களாம். "யார் மேலயும் தப்பு வராது பெர்னார்ட். கோவிந்தப்பாவுக்கும் காம்பன்சேஷன் சுலபமா வந்துடும். அந்த மெஷினையும் கண்டம் பண்ணித் தூக்கிப் போட்டாச்சு. கவலைப்படாதீங்கோ."

இவர் நிமிர்ந்து பார்த்தார். தன் மேல் தப்பு வராது என்றபோது வராத கோபம் ஒன்று அப்போது முகத்தில் வந்தது.

"அந்த ஸ்பிரிங் நான் பாத்துப் பாத்து வெச்சிருக்கறது சார்."

"தெரியும், தெரியும்," என்று சொல்லிக்கொண்டே அவர் செருப்பை மாட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

2 செப்டம்பர்

சவரம் செய்துகொண்டு, அயர்ன் பண்ணின சட்டை போட்டுக்கொண்டு எங்கோ கிளம்பினார். பட்டனை நான்தான் போட்டுவிட்டேன். எங்கே என்று சொல்லவில்லை.

மத்தியானம் திரும்பினார். நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

"மெஷின் மேல தப்பில்ல, என் கை மேலன்னு இன்ஜினியர்கிட்ட சொன்னேன். எழுதியாச்சு பெர்னார்ட், இனி மாத்தினா எல்லாருக்கும் கஷ்டம்கறான். கோவிந்தனுக்குப் பணம் வராதாம். வேணும்னா நான் ஸ்டோர்ஸ்ல உக்காரலாமாம். நான் சொன்னதை அவன் காதுல வாங்கவே இல்ல நோரா. சுவத்துகிட்ட சொன்ன மாதிரி."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்தார், பாதி சட்டையில்.

"உங்க மிஸ்ஸஸ் அப்பவே வந்து சொன்னாங்கன்னான்."

தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். இந்த இரண்டு மாதமாக இதற்காகத்தானே காத்திருந்தேன்.

"உனக்கும் காபி குடுத்தானா?" என்றார்.

அவ்வளவுதான். நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் சிரித்தார் என்று நினைக்கிறேன். நிமிர்ந்து பார்த்தபோது சிரிப்பு இல்லை.

14 செப்டம்பர்

கேரல் கூட்டிக்கொண்டு போனாள். மறுபேச்சு இல்லாமல் வந்தார். டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். எனக்குத் தெரிந்த பெயர்தான். மாத்திரை தள்ளிப்போடும், குணப்படுத்தாது.

நூலகத்தில் இன்று அந்தப் புத்தகத்தை அதன் இடத்தில் எடுத்து வைத்தேன்.

21 அக்டோபர்

ஸ்டோர்ஸ் வேலைக்குப் போகிறார். திரும்பி வந்து என்ன செய்தார் என்று கேட்டால், "உக்காந்திருந்தேன்" என்கிறார். கரண்ட் போனால் மட்டும் எழுந்து வாசலுக்குப் போய், எந்தப் பக்கம் இருட்டாக இருக்கிறது என்று பார்க்கிறார்.

6 டிசம்பர், ஞாயிறு

கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல்ஸுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கேட் சத்தம். கோவிந்தப்பா! ஒரு பக்கம் முகம் உள்வாங்கிப் போயிருக்கிறது. பேச்சு வாயின் ஒரு ஓரத்தில் இருந்துதான் வருகிறது. தோளில் சிமென்ட் சாக்கு.

"என்ன அண்ணி, பாக்க பயமா இருக்கா? முன்னாடியும் நான் ஒண்ணும் சினிமா ஹீரோ இல்லையே." சாக்கைத் திண்டில் இறக்கினார். "ஸ்டோர் பின்னால காயலான் கடைக் குப்பையில கிடந்தது. அண்ணனோடதாச்சேன்னு எடுத்துட்டு வந்தேன். எவனும் கேக்கல."

அந்த ஹாய்ஸ்ட்.

பாஞ்சாலி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். "இருக்கட்டும்க்கா," என்றாள். வரவில்லை. திரும்பியும் போகவில்லை.

இவர் சாக்கைப் பிரித்தார். பட்டையை வெளியே இழுத்து விரலிடுக்கில் ஓடவிட்டார், கடைசி வரை. அழுக்கு, ஓரத்தில் கொஞ்சம் துரு. கட்டைவிரலால் ஸ்பிரிங்கை இரண்டு தடவை அமுக்கி, கோவிந்தப்பாவிடம் நீட்டினார். அவரும் அமுக்கிப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு இவர் மரத்தடிக்குப் போனார். கிளையில் மாட்ட கோவிந்தப்பா ஒரு கை கொடுத்தார். ஆட்டுக்கல்லைச் சுற்றியிருந்த புல்லைப் பிய்த்துப்போட்டு, கொக்கியை மாட்டி, ஏற்றத் தொடங்கினார். டக். டக். ஏழெட்டு மாதம் கழித்து அந்தச் சத்தம். மதில் மேல் ஷோபா தலை தெரிந்தது. இடுப்பு உயரம் வந்ததும் நிறுத்தினார். கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ. கோவிந்தப்பா வழக்கப்படி ஒரு அடி முன்னால் வந்தார்.

"நீ இரு," என்றார் இவர். பிறகு, "நோரா."

மாவுக் கையோடு போனேன்.

"நீ இறக்கு."

"ஏத்தினவன்தான்..." என்று ஆரம்பித்துவிட்டேன். பாதியில் நிறுத்தினேன். கோவிந்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன், அவர் கைக்கு மேலே. அவர் விடவில்லை.

"வாங்கிக்கிட்டேன்னு வாய் விட்டுச் சொல்லணும். சொன்னப்புறம்தான் விடுவேன்."

"வாங்கிக்கிட்டேன்."

விட்டார்.

முதலில் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். முழு பாரமும் தோளில் வந்து இறங்கியது. நாக்கை ஒதுக்கி, ஒரு பல் இறக்கி, விரலை எடுத்தேன். மறுபடியும். மறுபடியும். கேட்டுக்கு வெளியே பாஞ்சாலி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது தெரிந்தது.

கல் தரையில் உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். இவர் வலது கையை மரத்தில் ஊன்றி நின்றிருந்தார். எல்லோரும் பார்க்க அது ஆடிக்கொண்டிருந்தது. பாக்கெட்டுக்குள் போகவில்லை.